திருகோணமலையில் நத்தார் மரம் வளர்க்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் மரக்கன்று விற்கும் இடமொன்றுக்குப் போய் நத்தார் மரம் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வகைக் கன்றைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நடுத்தண்டு நேரே எழுந்திருக்கும். அதைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஐந்து கிளைகள், ஒரு சாண் மேலே மறுபடி ஐந்து என்று அடுக்கடுக்காக விரிந்திருக்கும். ஊசி போலத் தெரியும் இலைகளைத் தொட்டால் குத்தாது. நோர்போக் பைன் என்று அழைக்கப்படும் மரம் இது. தாவரவியல் பெயர் அராகேரியா ஹெட்டரோஃபில்லா.

இதை வளர்க்கப் புறப்படுகிறவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வேம்பையோ பூவரசையோ தறித்துவிட்டாலும் மழை கண்டதும் துளிர்த்துவிடும். நோர்போக் பைனுக்கு அந்தக் குணம் இல்லை. ஒரு பக்கக் கிளை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் இன்னொரு கிளை வருவதில்லை. நுனிக்குருத்து முறிந்தால் பழைய வடிவம் திரும்புவதில்லை. நிழலுக்காகவோ காய்க்காகவோ இல்லாமல் வடிவத்துக்காகவே வளர்க்கும் மரம் என்பதால், இதைப் பராமரிப்பது பெரும்பாலும் காவல் காக்கும் வேலைதான். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த இரண்டையும், நுனிக்குருத்தையும் அடிக்கிளைகளையும், எப்படிக் காப்பது என்பதைப் பற்றியதே.

மரத்தின் பூர்வீகம்

அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையில் பசிபிக் கடலில் இருக்கிறது நோர்போக் தீவு. இந்த மரம் இயற்கையாக வளர்ந்த இடம் அந்தச் சிறு தீவுதான். 1774இல் தனது இரண்டாம் பயணத்தில் அங்கே இறங்கிய கப்டன் ஜேம்ஸ் குக், கரையோரமெங்கும் நெட்டநெடிதாக நின்ற மரங்களைக் கண்டு பாய்மரக் கம்பங்களுக்கு ஆகும் என்று எண்ணினார். 1788இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறியதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தபோதுதான் கப்பற்கம்பத்துக்கு வேண்டிய உறுதியும் வளைந்துகொடுக்கும் தன்மையும் அதில் இல்லை என்று தெரிந்தது. இன்றைக்கு அந்தத் தீவின் கொடியின் நடுவில் நிற்பதும் இதே மரம்தான்.

சொந்த மண்ணில் 50 மீற்றரைத் தாண்டி வளரும். பெயரில் பைன் இருந்தாலும் உண்மையான பைன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அராகேரியா என்ற தனிக் குடும்பம். 1994இல் அவுஸ்திரேலியாவில் கண்டுபிடிக்கப்பட்டு உலகமே வியந்த வொல்லமி பைன் இதன் உறவினன். ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும், இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. இளமரத்தின் இலைகள் மெல்லிய ஊசிகளாக இருக்கும். முதிர்ந்த மரத்தில் அவை சுருங்கித் தடித்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களாகிவிடும். மரம் முதிர்ந்தபின் வரும் பெண் கூம்பு உருண்டையாக, ஒரு தேங்காய் அளவுக்கு இருக்கும். பழுக்க ஒன்றரை ஆண்டுகள் பிடிக்கும், பழுத்ததும் மரத்திலேயே சிதறி விதைகளை உதிர்க்கும்.

கடற்கரையில் வளர்ந்த மரம் என்பதால் மணலும் உப்புக்காற்றும் இதற்குப் புதிதல்ல. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் எத்தனையோ அலங்காரச் செடிகள் இலை கருகி நிற்க, இது நிமிர்ந்து நிற்பதன் காரணம் அதுதான்.

நம் கரையோரத்துச் சவுக்கு மரத்தையும் இதையும் சிலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். சவுக்கின் சிறு காய் கூம்பைப் போலத் தோன்றினாலும் அது பூக்கும் தாவரம், ஊசியிலை மரமன்று. வீட்டு முற்றங்களில் விசிறி போல் தட்டையாக அடர்ந்து நிற்கும் துஜா ஊசியிலை இனம்தான்; ஆனால் அதை வெட்டி உருவாக்கலாம், உயரமும் குறைவு. காணி சிறிதாக இருப்பவர்கள் துஜாவைப் பற்றி யோசிப்பது நல்லது.

கன்றுக்கு முன் இடம்

பெரும்பாலானோர் கன்றை வாங்கி வந்தபிறகு எங்கே வைப்பது என்று பார்க்கிறார்கள். இந்த மரத்தைப் பொறுத்தவரை அது தலைகீழ் முறை. இடுப்பளவுக் கன்றைப் பார்க்கும்போது அது ஒருநாள் இரண்டு மாடி வீட்டை விஞ்சும் என்று மனம் நம்ப மறுக்கும். நல்ல வெயிலும் தண்ணீரும் கிடைத்தால் ஆண்டுக்கு இரண்டடி ஏறக்கூடிய மரம் இது.

நடப்போகும் இடத்தில் நின்று மேலே பாருங்கள். மின்கம்பி போனால் அந்த இடம் வேண்டாம். கம்பிக்காக ஒருநாள் நுனியை வெட்ட வருவார்கள், அத்தோடு மரத்தின் கதை முடிந்தது. பிறகு சுற்றிலும் பாருங்கள். சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும், 25 அடி என்றால் இன்னும் நல்லது. அடிக்கிளைகள் பக்கத்துக்கு எட்டுப் பத்தடி விரியும். மதிலோரம் நட்டால் ஒரு பக்கம் முழுவதும் மொட்டையாகிவிடும். பத்துப் பேர்ச் காணியில் வீடும் கட்டி மீதியிடத்தில் இதை நட நினைப்பவர்களுக்கு என் சொல், நிலத்தில் வைக்காதீர்கள், சாடியிலேயே வளருங்கள் என்பதுதான்.

புயலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நாளாந்தக் கடற்காற்றை இது நன்றாகத் தாங்கும். சூறாவளி வேறு விடயம். உயர்ந்து வளர்ந்த நோர்போக் பைன் சூறாவளியில் எளிதில் முறியும், சாயும் என்பது அமெரிக்காவின் புளோரிடாவில் பல புயல்களுக்குப் பிறகு உறுதியாகிய செய்தி. 1964 டிசம்பரில் வந்த சூறாவளியை இந்த ஊரின் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி கரையேறியது குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகத்தான். எனவே மரம் விழுந்தால் எங்கே விழும் என்று நடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாடசாலை மைதானத்தின் ஓரம், கோயில் அல்லது தேவாலய வளவு, அகன்ற கடற்கரைக் காணி, விருந்தினர் விடுதித் தோட்டம் ஆகியவை பொருத்தமான இடங்கள்.

நீர் தேங்கும் பள்ளத்தையும் ஒதுக்குங்கள். வாடைமழைக் காலத்தில் உங்கள் வளவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேறு வழி இல்லையென்றால் ஓரடி உயரத்துக்கு மண்மேடு கட்டி அதன்மேல் நடலாம்.

கன்று தெரிவு செய்தல்

கன்றை வாங்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் உச்சியைப் பாருங்கள். குனிந்து, நுனிக்குருத்தைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஒற்றைக் குருத்தாக, இளம்பச்சையாக, சின்னஞ்சிறு ஊசிகள் உள்நோக்கிக் குவிந்து ஒரு மொட்டுப் போல மூடியிருந்தால் கன்று சுகமாக இருக்கிறது. அந்த இடம் கருத்து, அல்லது நகத்தால் கிள்ளியது போலத் தட்டையாக இருந்தால், விலை பாதியானாலும் வாங்காதீர்கள். இரண்டு குருத்துகள் கவைபோல் பிரிந்திருந்தாலும் தவிர்ப்பதே மேல்.

அடுத்தது அடிக்கிளைகள். கீழடுக்கில் எல்லாக் கிளைகளும் இருக்கின்றனவா, நடுவில் எங்காவது ஒன்று வெட்டப்பட்ட தழும்பு தெரிகிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். பிறகு சாடிக்குள். அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று நான்கு கன்றுகளை ஒரே சாடியில் வைத்து விற்பது வழக்கம். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். நிலத்தில் நடும் எண்ணமிருந்தால் ஒற்றைக் கன்றாகக் கேட்டு வாங்குங்கள். கூட்டமாக வாங்கிவிட்டால், திடமான ஒன்றை விட்டு மற்றவற்றை மண்மட்டத்தில் கத்தரித்துவிடுவது வேரைக் குலைக்காத வழி.

சாடியின் அடித்துளை வழியே தடித்த வேர்கள் வெளிவந்து சுருண்டிருந்தால் அந்தக் கன்று நெடுநாள் சாடியில் கிடந்திருக்கிறது. சுருண்ட வேர் நிலத்தில் வைத்தபின்னும் சுருண்டே தடிக்கும். பின்னால் பெருங்காற்றில் மரம் அடியோடு சாய்வதற்கு அதுவே வழிவகுக்கும்.

"கிளையை ஒடித்து நட்டாலே வரும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வேர்விடக்கூடும், ஆனால் பக்கக்கிளை பக்கக்கிளையாகவே வளரும். ஆண்டுகள் பல போனாலும் அது தரையோடு படர்ந்து கிடக்குமே தவிர நிமிர்ந்து மரமாகாது. நுனித்தண்டிலிருந்து எடுத்த பதியம்தான் நேரே எழும். அதற்காகத் தாய்மரத்தின் தலையை யார் கொய்வார்கள்? ஆகவே விதைக்கன்றே சரி.

இன்னொரு செய்தி. நோர்போக் பைன் என்று விற்கப்படும் கன்றுகளில் கணிசமானவை அதன் நெருங்கிய உறவான குக் பைன். நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது, கப்டன் குக்கின் பெயரைத் தாங்கியது. இளங்கன்றில் வேறுபாடு காண்பது கடினம். வளர்ந்தபின் நோர்போக் பைன் அகன்ற கூம்பாக நிற்கும். குக் பைன் குட்டைக் கிளைகளோடு ஒடுங்கிய தூண் போல் உயரும், பட்டை தாள்தாளாக உரியும். பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள் இருபுறமும் குக் பைன் நிற்கும் பாதையில் நடந்திருப்பீர்கள். வெப்பத்தைத் தாங்குவதில் குக் பைன் ஒருபடி மேல் என்பதால் நம் ஊருக்கு அது கிடைத்தாலும் நட்டமில்லை.

குக் பைனுக்கு ஒரு விசித்திரம் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து கண்டங்களில் நிற்கும் 256 மரங்களை அளந்து பார்த்து, அவை பூமத்திய ரேகையை நோக்கியே சாய்கின்றன என்று காட்டியது. சராசரிச் சாய்வு எட்டரைப் பாகையளவு. நாம் ரேகைக்கு வடக்கே இருப்பதால் இங்கே அது தெற்குப் பக்கம் சாயும். ஆகவே நடும் இடத்துக்குத் தெற்கே கொஞ்சம் கூடுதலாக வெளி விடுங்கள். பிற்காலத்தில் மரம் அப்படிச் சாய்ந்தால் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அது அதன் இயல்பு.

சாடியில் சில காலம்

கண்டி, பேராதனைப் பக்கமிருந்து கொண்டுவந்த கன்று என்றால் குளிர்ந்த, ஈரமான காற்றில் வளர்ந்தது. நேரே நம் வெயிலில் வைத்தால் ஊசிகள் வெளுத்துப் பழுப்பாகும். முதல் சில வாரங்கள் மாமர நிழலிலோ வாசல் விறாந்தையிலோ வைத்து, பிறகு காலை வெயிலுக்கும், கடைசியாக முழு வெயிலுக்கும் பழக்குங்கள்.

சாடி மண்ணுக்குச் செம்மண், பருமணல், மக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, ஒரு பிடி தும்புத்தூளும் சேர்த்தால் போதும். தும்புத்தூளை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள், அதிலும் உப்பு இருக்கும். விரலை ஓரங்குல ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கியதை ஊற்றிவிடுங்கள்.

வீட்டுக்குள் வைப்பவர்கள் வெளிச்சம் நிறைய வரும் யன்னலருகே வைத்து, வாரத்துக்கு ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் மரம் யன்னலைப் பார்த்துக் கோணிவிடும். மின்விசிறிக்கு நேர்கீழேயும், குளிரூட்டியின் காற்று படும் இடத்திலும் வைத்தால் அடிக்கிளைகள்தான் முதலில் பலியாகும்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரையோரக் கிணறுகள் பல கோடையில் உவர்க்கும். இலையில் படியும் உப்பைத் தாங்குகிற மரம் வேரில் சேரும் உப்பையும் அதே அளவு தாங்கும் என்று எண்ண வேண்டாம். சாடி மண்ணின் மேல் வெண்படலம் கண்டால் உப்புச் சேர்ந்துவிட்டது என்று பொருள். குழாய்த் தண்ணீரால் அல்லது மழைநீரால் பலமுறை நனைத்துக் கழுவிவிடுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால் மாரியில் பீலித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கும் பழக்கம் நல்லது.

நிலத்தில் நடுதல்

ஒக்டோபரில் முதல் மழை விழுந்து மண் குளிர்ந்ததும் நடுங்கள். அப்போது நட்டால் ஜனவரி வரை வானமே தண்ணீர் வார்க்கும். வேர் ஊன்ற அந்தக் காலம் போதும். பங்குனி, சித்திரையில் நட்டுவிட்டு வாளியோடு ஓடித் திரிவதில் பயனில்லை.

சாடியைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் குழி வெட்டுங்கள். ஆழம் சாடியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். ஆழப் புதைத்தால் அடித்தண்டு அழுகும். உவர்மலைப் பக்கத்து இறுகிய சரளை மண்ணில் அலவாங்கு போட்டுக் குழியின் பக்கங்களைக் குத்தித் தளர்த்த வேண்டியிருக்கும். கரையோர மணலில் பிரச்சினை நேர்மாறானது, ஊற்றிய தண்ணீர் நிற்காது. அங்கே குளத்து வண்டலும் கூட்டெருவும் கலந்து நிரப்புங்கள். தண்டைச் சுற்றி ஓரடி தள்ளிப் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே காய்ந்த சருகு போட்டால் ஈரம் நெடுநேரம் நிற்கும். சருகு தண்டில் முட்டக் கூடாது, கறையான் ஏறிவிடும்.

காற்றுக்கு ஆடாமலிருக்க ஒரு கம்பு நட்டு, பழைய துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டலாம். முதலாண்டு முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடித்தான் தண்டு வலுப்பெறும்.

வேலி போட மறக்காதீர்கள். ஆடும் மாடும் எங்குமுள்ள தொல்லை. நமக்கு மான்களும் உண்டு. பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருக்களிலும் உலவும் புள்ளிமான்கள் மேய்வது மட்டுமல்ல, கொம்பை உரசிப் பட்டையையும் கிழிக்கும். நகரத்துக்குள் இருப்பவர்கள் ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலையைக் கன்றிலிருந்து தள்ளிச் சுற்றிவிடுங்கள். மானுக்குக் கழுத்து எட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் கச்சான்

வைகாசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான்தான் இளங்கன்றுக்கு உண்மையான சோதனை. ஈரப்பதம் இல்லாத, அனல் போன்ற காற்று. முதல் இரண்டு ஆண்டுகளும் மேற்கிலும் தென்மேற்கிலும் கிடுகு மறைப்பு ஒன்று கட்டிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மாலையில், ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். நாள்தோறும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே படர்ந்து பழகிவிடும், கீழே இறங்காது. தண்ணீர் தவறிய ஒரு கச்சான் காலத்தில் உதிரும் அடிக்கிளை பிறகு எத்தனை மாரி வந்தாலும் திரும்பாது.

உரம் அதிகம் வேண்டாம். மாரி தொடக்கத்தில் கூட்டெரு, தை மாதம் இன்னொரு முறை. யூரியாவை அள்ளிப் போட்டால் அடுக்குகளுக்கு இடையிலான தூரம் நீண்டு, மரம் மெலிந்து தளர்ந்த தோற்றம் பெறும்.

பூச்சியும் சவர்க்காரமும்

கிளைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டும். கோடையில் சிலந்திப்பேன் வந்து ஊசிகளை மங்க வைக்கும். இரண்டுக்கும் நம் வீடுகளில் கைவசமுள்ள வைத்தியம் சவர்க்காரத் தண்ணீர். இந்த மரத்துக்கு அது வேண்டாம், அதுவும் கடலுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன். காரணம் சிட்னியில் இருக்கிறது.

சிட்னியின் மேன்லி கடற்கரையை அலங்கரித்த நோர்போக் பைன்கள் பல பத்தாண்டுகள் உப்புக்காற்றில் செழித்திருந்தன. 1960களிலும் 70களிலும் அவை கடலைப் பார்த்த பக்கமாகக் கருகத் தொடங்கின. கடலில் விடப்பட்ட நகரக் கழிவுநீரில் இருந்த சலவைத்தூள் இரசாயனங்கள் அலைத்திவலையோடு காற்றில் ஏறி வந்து இலையில் படிந்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். உப்பை உள்ளே விடாமல் இலைக்கு இருந்த காப்பை அந்த இரசாயனம் குலைத்துவிட்டது. அதன்பிறகு அதுவரை ஒன்றும் செய்யாத உப்பே நஞ்சாயிற்று. நம் கரையோர வளவுகளில் சவர்க்காரம் தெளித்தால் அதே நிலையை நாமே உண்டாக்குகிறோம். வெறும் தண்ணீரைக் குழாயால் விசையாக அடித்துக் கழுவுங்கள். மிஞ்சும் மாவுப்பூச்சியைப் பழைய பற்தூரிகையால் தேய்த்து எடுத்துவிடலாம். துணி தோய்த்த தண்ணீரையும் மரத்தின் பக்கம் திருப்பாதீர்கள்.

கத்தி

ஏறக்குறைய வேலையே இல்லை. முழுதாகக் காய்ந்த கிளையைத் தண்டையொட்டி அறுக்கலாம். இரட்டைக் குருத்து கிளம்பினால் மெலிந்ததைச் சிறுவயதிலேயே நீக்கலாம். உயரத்தைக் குறைக்கிறேன் என்று உச்சியை வெட்டுவதும், நடமாட்டத்துக்கு இடைஞ்சல் என்று அடிக்கிளைகளைக் கழிப்பதும் வேண்டாம். நடமாடும் பாதையை மாற்றுங்கள்.

பயன்கள்

நத்தாருக்கு அலங்கரிப்பதுதான் வீடுகளில் முதற் பயன். வெட்டிய மரமோ பிளாஸ்ரிக் மரமோ இல்லாமல், சாடியிலுள்ள இந்த மரத்தையே ஆண்டுதோறும் உள்ளே கொண்டுவரலாம். சூடாகாத சிறு எல்ஈடி விளக்குகளையே சுற்றுங்கள். இளங்கிளை எளிதில் தொய்யும் என்பதால் கனமான உருண்டைகளைத் தொங்கவிடாதீர்கள். ஒட்டும் பனித்தெளிப்பும் கூடாது. பண்டிகை முடிந்து ஒரு கிழமைக்குள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், முதல் சில நாட்கள் நிழலில்.

கடற்கரை விடுதிகளும் பாடசாலைகளும் வரிசையாக நட்டால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் நிரை கிடைக்கும். மரத்துக்கு மரம் 25 அடிக்குக் குறையாமல் விட வேண்டும். காற்றுத்தடுப்பு மட்டுமே தேவை என்றால் சவுக்கோ பூவரசோ விரைவாகவும் மலிவாகவும் அதைச் செய்யும். நோர்போக் பைனின் பலகை வெளிறிய நிறம், கடைவதற்கு இலகு. கிளைகள் ஒரே மட்டத்தில் புறப்படுவதால், கடைந்த கிண்ணத்தைச் சுற்றிக் கணுக்கள் வரிசையாக நட்சத்திரம் போல் அமையும். ஹவாயில் கைவினைஞர்கள் இதில் அழகிய கிண்ணங்கள் செய்கிறார்கள். புயலில் விழுந்த மரத்தை விறகாக்குமுன் கடைச்சல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

சாடி மரம் கூரையைத் தொடும் நாள் வந்தால் உச்சியை வெட்டாமல், இடமுள்ள ஒரு பாடசாலைக்கோ தேவாலயத்துக்கோ ஒக்டோபர் மழைக்கு முன்னதாகப் பேசி வையுங்கள். கொடுக்கும்போது சாடியின் ஓரத்தில் சுருண்ட வேர்களைக் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கீறிவிட்டு நடச் சொல்லுங்கள். முதல் கச்சானுக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே யார் பொறுப்பு என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.